ரொட்டி வந்தது, ரம்பம் வரவில்லை

2018 நவம்பர் மூன்றாவது வாரம். திருச்சி மன்னார்புரம் சந்திப்பில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். வெளியூர்களிலிருந்து வந்த வேன்களும் லாரிகளும் முகப்பில் ‘கஜா புயல் நிவாரணம்’ என்று பேனர் கட்டிக்கொண்டு, தஞ்சை சாலை எது, புதுக்கோட்டை சாலை எது என்று விசாரித்தபடி போய்க்கொண்டிருந்தன. ரொட்டி, தண்ணீர் பாட்டில், மெழுகுவத்தி, கொசுவத்தி, பாய், போர்வை, தார்ப்பாய் என்று வண்டி வண்டியாகப் போயின. எங்கள் தெருவிலிருந்தும் ஒரு வேன் கிளம்பியது. அதில் நானும் போனேன்.

பட்டுக்கோட்டை தாண்டி உட்பக்கமாக ஓர் ஊர். சாலை நெடுகத் தென்னை மரங்கள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. ரொட்டிப் பாக்கெட்டை நீட்டியதும் வாங்கிக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள். பிறகு ஒருவர், மரம் அறுக்கிற ரம்பம் ஏதாவது கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். தோப்புக்குள் போக வழி இல்லை. மோட்டார் கொட்டகைமேல் மரம் கிடக்கிறது. அறுக்கும் இயந்திரம் அந்த ஊரில் ஒன்றோ இரண்டோதான் இருக்கிறது, அதற்கும் ஆள் இல்லை. எங்கள் வேனில் ரம்பம் இல்லை. எங்களுக்கு முன்னால் போன வேன்களிலும் இருந்திருக்காது. ஏனென்றால், கிளம்புவதற்கு முன் அந்த ஊருக்கு ஒரு போன் போட்டு என்ன வேண்டும் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

வாசகர்களே, இது கொடுத்தவர்களைக் குறை சொல்லும் கட்டுரை இல்லை. பசித்தவருக்கு முதல் மூன்று நாள் சோறுதான் பெரிது. நான் கேட்பது நான்காம் நாளைப் பற்றி. விழுந்த தோப்பை, உப்பேறிய வயலை, மூழ்கிய நாற்றை என்ன செய்வது என்ற கேள்வி அன்றைக்குத்தான் எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலை யார் கையில் இருக்க வேண்டும்? அந்த மண்ணில் உழுகிறவர் கையில் இருக்க வேண்டும் என்பது என் வாதம். அவருக்குத் துணையாக விஞ்ஞானியும் அரசும் பணமும் அங்கே போக வேண்டும்.

உலகம் கொடுத்த வாக்கு

இந்தப் பேச்சு நமக்கு மட்டும் உரியதும் அல்ல, புதியதும் அல்ல. 2016 மே மாதம் துருக்கியின் இஸ்தான்புல் நகரில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய உலக மனிதநேய உச்சி மாநாட்டில், பெரிய நன்கொடை நாடுகளும் உதவி நிறுவனங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பேரிடர் உதவிப் பணத்தில் குறைந்தது 25 சதவீதம், 2020-க்குள், கூடிய மட்டும் நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்கும் அந்தந்த நாட்டு அமைப்புகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அதில் ஒரு வாக்குறுதி. கெடு முடிந்தது, வாக்கு நிறைவேறவில்லை.

பணமே இப்படி என்றால் ஆராய்ச்சியின் நிலை என்ன? பேரிடர் நடந்த இடத்துக்கு வெளியூர்க் குழு வரும். கேள்வித்தாளை நிரப்பும். மண்ணை மாதிரி எடுக்கும். போட்டோ எடுக்கும். அறிக்கை எங்கோ அச்சாகும். கேள்விக்குப் பதில் சொன்ன உழவருக்கு அந்த அறிக்கை திரும்பி வருவதில்லை. தன் வயல் மண்ணில் உப்பு எவ்வளவு என்ற எண்கூட அவருக்குச் சொல்லப்படுவதில்லை.

வெளிநாட்டைச் சொல்லிவிட்டு நம் வீட்டை மறந்துவிடக் கூடாது. ஜெனீவாவுக்கும் சென்னைக்கும் உள்ள தூரம்தான் சென்னைக்கும் வேதாரண்யத்துக்கும் இருக்கிறது. திருச்சிக்கும் நாகைக்கும்கூட சில சமயம் அதே தூரம்தான்.

உப்பு நிலம் கற்றுக்கொடுத்தது

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமானோரைச் சுனாமி கொண்டுபோனது. மீனவர் குடும்பங்களின் துயரம் அளவிட முடியாதது. அதன் நிழலில் இன்னொரு துயரம் பேசப்படாமல் கிடந்தது. அது சம்பாப் பயிர் வயலில் நின்ற நேரம். கடல் நீர் வயலுக்குள் புகுந்தது. வடிந்தபோது கடல் சேற்றையும் மணலையும் விட்டுவிட்டுப் போனது. குளங்களும் கிணறுகளும் உப்பாயின. இனி இந்த நிலத்தில் பல ஆண்டுகளுக்கு எதுவும் விளையாது என்று அப்போது பலர் பேசினார்கள்.

அதே நேரத்தில் நிவாரணம் எப்படி வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். நாடெங்கும் இருந்து வந்த பழைய துணிகள் உடுத்த ஆளில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்தன. பிறகு படகுகள் வந்தன. பல இடங்களில் சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகமான கண்ணாடியிழைப் படகுகள் சேர்ந்துவிட்டன. நாகையில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்பும் தொண்டு நிறுவனங்களும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்த பிறகுதான், எந்த ஊருக்கு எது தேவை என்ற கணக்கு ஓரளவு கைக்கு வந்தது. ஊர்க்காரர்களையும் அவர்களது சங்கங்களையும் அறிந்தவர்கள் அந்த மையத்தில் இருந்ததுதான் அதன் பலம்.

நிலத்தின் கதைக்கு வருவோம். உப்பு நிலத்தை மீட்பதற்குப் பாடப்புத்தகத்தில் வழி இருக்கிறது. மேலே படிந்த சேற்றை வழித்து எடு. வரப்பை உயர்த்து. நல்ல தண்ணீரை இரண்டு மூன்று நாள் தேக்கி, வடித்துவிடு. திரும்பவும் தேக்கு, திரும்பவும் வடி. தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழு. தொழுவுரம் போடு. இவ்வளவுதான்.

ஆனால் புத்தகத்தில் இல்லாதது ஒன்று உண்டு. இந்த வயலின் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்? வடிகால் வாய்க்கால் எந்த இடத்தில் தூர்ந்து கிடக்கிறது? பக்கத்து வயல்காரர் சம்மதிப்பாரா? மேட்டு வயலிலிருந்து கழுவிய உப்பு பள்ளத்து வயலில் போய்த் தங்கினால் யார் பொறுப்பு? இவற்றுக்கு விடை தெரிந்தவர்கள் அந்த ஊரில்தான் இருந்தார்கள். மணற்பாங்கான நிலம் ஒரு நல்ல மழையில் கழுவிக்கொண்டது. களிமண் நிலம் பிடிவாதம் பிடித்தது. 2005-ம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. வரப்பை உயர்த்தி வடிகாலைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு அந்த மழை வரமாக வந்தது. மற்றவர்களுக்கு அது இன்னொரு வெள்ளம்.

‘இயற்கை விஞ்ஞானி’ கோ. நம்மாழ்வாரும் இயற்கை உழவர் இயக்கத்தினரும் அந்தக் கடலோரத்தில் இறங்கி உழவர்களோடு வேலை செய்தார்கள். வேளாண் துறையும் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் வந்தார்கள். இலைதழையை நம்பியவர்களும் ஜிப்சத்தை நம்பியவர்களும் ஒரே வரப்பில் நின்று வாதாடினார்கள். பல ஆண்டுகளுக்கு விளையாது என்று சொல்லப்பட்ட நிலங்கள் பலவற்றில் பயிர் சீக்கிரமே திரும்பி வந்தது. தீர்ப்பை மண்தான் சொன்னது.

திருச்சியில் இருந்த சாவி

இங்கேதான் நம் ஊரின் பங்கு வருகிறது. மன்னார்புரத்திலிருந்து திண்டுக்கல் சாலையைப் பிடித்துப் போனால் நாவலூர் குட்டப்பட்டு. அங்கே 1989-ல் தொடங்கிய வேளாண் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அன்பில் தர்மலிங்கம் பெயரைத் தாங்கிய நிலையம் அது. அந்தச் சுற்றுவட்டாரத்து மண் களர் மண். நல்ல மண்ணைத் தேடிப் போகாமல், கெட்ட மண்ணிலேயே உட்கார்ந்து அதற்கான பயிரைத் தேடியதுதான் அந்த நிலையத்தின் பெருமை. களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் ரகங்கள் அங்கிருந்துதான் வந்தன. மணிகண்டம் வட்டாரத்தில் நெல் பயிரிடும் உங்களில் பலருக்கு இது தெரிந்த கதை.

களரும் உவரும் ஒன்றல்ல. உவர் மண்ணில் கரையக்கூடிய உப்பு அதிகம். மின் கடத்துதிறன் 4 டெசிசைமனுக்கு மேல் போகும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, வடிகால் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். களர் மண்ணில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டும். தண்ணீர் இறங்காது, காய்ந்தால் கல்லாகும். அதற்கு ஜிப்சம் போட்டு, சோடியத்தை வெளியேற்றி, பிறகுதான் கழுவ வேண்டும். கடல் நீர் புகுந்த நிலம் முதலில் உவராகும். வடிகால் இல்லாமல் அப்படியே விட்டால் களராகவும் மாறலாம்.

இப்போது யோசியுங்கள். ஒரு மாவட்டம் முழுவதற்கும் ‘ஏக்கருக்கு இத்தனை மூட்டை ஜிப்சம்’ என்று ஒரே அளவில் கொடுத்தால் என்ன ஆகும்? தேவையில்லாத வயலில் பணம் வீணாகும், தேவையான வயலுக்குப் போதாமல் போகும். எந்த வயலுக்கு எது என்று பிரித்துச் சொல்ல ஒரு மண் பரிசோதனையும், அந்த வயலின் வரலாறு தெரிந்த ஒருவரும் வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதாது. களருக்கான அறிவு 15 ஆண்டுகளாகத் திருச்சியில் சேர்ந்துகொண்டிருந்ததால்தான் 2005-ல் நாகையில் அதைப் பற்றிப் பேச முடிந்தது. பேரிடர் வந்த பிறகு தொடங்கும் ஆராய்ச்சி அந்தப் பேரிடருக்கு உதவாது. தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுகிற கதைதான்.

விதைக்குள் இருக்கும் ஆராய்ச்சி

‘உழவர் செய்வது அனுபவம், ஆராய்ச்சி என்பது வேறு’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு விதையின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஒடிசாவில் வெள்ளம் தேங்கும் வயல்களில் அங்குள்ள உழவர்கள் பயிரிட்டு வந்த ஒரு பழைய நெல்லிலிருந்து எஃப்ஆர் 13ஏ என்ற ரகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. முழுக்க மூழ்கினாலும் சாகாத பயிர் அது. ஏன் சாகவில்லை என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் தேடி, அதற்குக் காரணமான சப் 1 என்ற மரபணுவை 2006-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அந்தப் பண்பை ஏற்றிய ஸ்வர்ணா சப் 1 ரகம் 2009-ல் இந்தியாவில் வெளியானது. நம் டெல்டாவில் சிஆர் 1009 சப் 1 பயிரிடும் உழவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரண்டு வாரம்வரை மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் அது தளிர்த்து எழும். அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது விஞ்ஞானிகள். ஆனால் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பத்திரப்படுத்தியது பெயர் தெரியாத உழவர்கள். வெள்ளம் வந்த ஒவ்வோர் ஆண்டும், சாகாமல் நின்ற கதிரைப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்தார்களே, அதற்கு ஆராய்ச்சி என்பதைத் தவிர வேறு என்ன பெயர்?

நம்மிடமும் இந்தச் செல்வம் உண்டு. கடலோர உப்பு நிலத்துக்குக் குழியடிச்சான், களர்ப்பாலை. தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கும் வறட்சிக்கும் காட்டுயானம். இவற்றை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவர் திருத்துறைப்பூண்டி ‘நெல்’ ஜெயராமன். 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டவர். ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கிப்போனவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆய்வுக்கூடம் இல்லை, பெரிய மானியம் இல்லை. ஆனாலும் பேரிடர் காலத்துக்கான ஒரு விதை வங்கி அங்கே உருவானது. கஜா அடித்து மூன்று வாரம் ஆவதற்குள், 2018 டிசம்பர் 6-ல் அவர் மறைந்தார்.

ஒரு தனி மனிதரின் உடல்நலத்தை நம்பி ஒரு மாவட்டத்தின் விதைப் பாதுகாப்பு இருக்கலாமா? உழவர்கள் தங்கள் ரகங்களைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்ள 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் வழி செய்கிறது. எத்தனை ஊராட்சிகளில் இதைப் பற்றி ஒரு கூட்டமாவது நடந்திருக்கிறது?

கஜாவில் எழுதாமல் போன பாடம்

மறுபடியும் தென்னைக்கு வருவோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அரசு மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் அறிவித்தது. தொகை போதுமா என்று அப்போதே விவாதம் நடந்தது. நான் சொல்ல வருவது வேறு.

விழுந்த மரத்தை அப்படியே விட்டால் அது மக்கும். மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். ஒரு தோப்பில் கிடக்கும் மரம் பக்கத்துத் தோப்பில் தப்பி நின்ற மரத்தையும், புதிதாக வைத்த கன்றையும் கொல்லும். இது தென்னை விவசாயி ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்படியென்றால் முதல் மாதத்தின் அவசரத் தேவை, ஊருக்குப் பொதுவாகச் சில அறுக்கும் இயந்திரங்கள், மட்டையையும் தண்டையும் தூளாக்கும் இயந்திரங்கள், அவற்றுக்கு டீசல், ஓட்ட ஆள். பணம் மரக்கணக்கில் தனித்தனியாக வந்தது. வேலையோ ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டியதாக இருந்தது. இந்த இரண்டும் பொருந்தவில்லை.

இருந்தும் ஆங்காங்கே உழவர்கள் தாங்களே வழி கண்டார்கள். மட்டைகளைப் பொடித்து மூடாக்காகப் போட்டார்கள். ஆமணக்குப் புண்ணாக்கை ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மண்பானையில் ஊற்றித் தோப்பில் வைத்து வண்டைப் பிடித்தார்கள். கன்று காய்க்கும்வரை காத்திருக்க முடியாது என்று ஊடுபயிருக்கு மாறினார்கள். எந்த வயது மரம் முறிந்தது, எந்த வயது மரம் வேரோடு சாய்ந்தது, எந்தத் திசை வரப்பில் நின்ற மரம் தப்பியது, சவுக்கு வேலி இருந்த தோப்புக்கு என்ன ஆனது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை 2018 டிசம்பரில் அந்த ஊர்களில் கண்ணெதிரே கிடந்தது. பட்டுக்கோட்டை பக்கம் வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊருக்கு இரண்டு பேருக்கு ஒரு நோட்டும் ஒரு சிறு தொகையும் கொடுத்து, இதையெல்லாம் எழுதச் சொல்லி, அந்த நிலையத்தில் சேர்த்திருந்தால், அடுத்த புயலுக்கு நம் கையில் ஒரு வழிகாட்டி இருந்திருக்கும். நாங்கள் போய்வந்த ஊரில் இரண்டு ஆண்டு கழித்து விசாரித்தேன். கணக்கெடுப்புக்குப் பலமுறை ஆள் வந்தார்களாம். எத்தனை மரம் விழுந்தது என்று கேட்டவர்கள், எது ஏன் நின்றது என்று கேட்கவில்லையாம்.

நியாயமான மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று கேள்விகள் எழும். மூன்றிலும் நியாயம் இருக்கிறது.

முதல் கேள்வி: ஊர்க்காரர் சொல்வதெல்லாம் சரியா? இல்லை. பக்கத்து ஊரில் ஒருவர் ஏதோ ஒரு கரைசலைத் தெளித்தார், பயிர் பிழைத்தது என்று கேட்டு நாமும் தெளிக்கிறோம். பிழைத்தது கரைசலாலா, அந்த வாரம் அடித்த வெயிலாலா? தெரியாது. ஆகவேதான் தெளிக்காமல் நான்கு வரிசையை விட்டுவைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஒழுக்கத்தை விஞ்ஞானி நமக்குக் கற்றுத்தர வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எவ்வளவு உண்மையோ, அளந்து பார்க்காத அனுபவம் அடுத்த ஊருக்கு உதவாது என்பதும் அவ்வளவு உண்மை.

இரண்டாவது கேள்வி: ‘உள்ளூர்’ என்றால் யார்? நிலமும் செல்வாக்கும் உள்ள நான்கு பேரா? இந்தக் கேள்வி என்னையும் உறுத்துகிறது. நிவாரணம் அடங்கலில் பெயர் உள்ளவருக்குப் போகிறது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவருக்கு நட்டம் மட்டும் வருகிறது. நாற்று நடும் பெண்களுக்கு, எந்த வயலில் நாற்று வேர் பிடிக்கிறது, எங்கே கால் வைத்தால் உப்புச் சேறு எரிகிறது என்று நிலத்துக்காரருக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். அவர்களை எந்தக் குழுவும் கேட்பதில்லை. குத்தகைதாரரும் கூலி வேலை செய்யும் பெண்களும் ஊருக்கு வெளியே குடியிருப்பவர்களும் உட்காராத ஊர்க்குழுவின் கையில் கொடுத்தால், சென்னையின் தவறை ஊருக்குள் சின்னதாகத் திருப்பிச் செய்தவர்கள் ஆவோம்.

மூன்றாவது கேள்வி: உயிர் போகிற நேரத்தில் ஆராய்ச்சியா? அந்த நேரத்தில் வேண்டாம். புயலுக்கு முந்தைய ஆடியிலும் ஆவணியிலும் செய்ய வேண்டிய வேலை இது. புயலுக்குப் பிந்தைய தையில் எழுதி முடிக்க வேண்டிய வேலை.

பணம் இருக்கிறது

‘இதற்கெல்லாம் நிதி எங்கே?’ என்பார்கள். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுத்த ஏற்பாட்டைப் பாருங்கள். மாநிலப் பேரிடர் நிதியில் 80 சதவீதம் நிவாரணம் சார்ந்தது, 20 சதவீதம் முன்கூட்டியே பாதிப்பைக் குறைப்பதற்கானது. அந்த 80-ஐயும் மூன்றாகப் பிரித்தது: உடனடி நிவாரணத்துக்கு 40, மீட்புக்கும் மறுகட்டமைப்புக்கும் 30, ஆயத்தத்துக்கும் திறன் வளர்ப்புக்கும் 10. அதாவது, முன்னேற்பாட்டுக்கும் பாதிப்புக் குறைப்புக்கும் பணம் ஒதுக்கலாம் என்று விதியே சொல்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் நம் காதில் விழுந்ததெல்லாம் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 ரூபாய் என்ற இழப்பீட்டுக் கணக்கு மட்டும்தான். அந்த இழப்பீடு நம் உரிமை, அதை உயர்த்தக் கேட்பதும் உரிமை. அதோடு கூட, அந்த 10-லும் 20-லும் எங்கள் வட்டாரத்துக்கு எவ்வளவு, அதை எதற்குச் செலவிட்டீர்கள் என்று கேட்பதும் உரிமைதான்.

புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. வட்டாரம்தோறும் அட்மா திட்டத்தில் உழவர் ஆலோசனைக் குழு இருக்கிறது. சிறுகமணி, நீடாமங்கலம், சிக்கல் ஆகிய ஊர்களில் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ஆடுதுறையில் நூறாண்டு கண்ட நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவற்றைக் கொண்டே நான்கு காரியங்கள் செய்யலாம்.

ஒன்று, பேரிடர் அடிக்கடி தாக்கும் ஒவ்வொரு வட்டாரத்திலும் உழவர் ஒருவரின் சொந்த வயலில் ஒரு சோதனைத் திடல். எந்த ரகம், எந்த முறை என்று முடிவெடுப்பது ஊர்க்குழு. அளந்து ஒப்பிடக் கற்றுத்தருவது விஞ்ஞானி. பயிர் போனால் அந்த உழவருக்கு முழு இழப்பீடு. மற்றவர்களுக்காக அவர் நட்டத்தைச் சுமக்கக் கூடாது.

இரண்டு, மூழ்குதலையும் உப்பையும் தாங்கும் ரகங்களின் விதை, குறுகிய கால ரக விதை, தக்கைப்பூண்டு விதை ஆகியவற்றை ஊராட்சி அளவில் இருப்பு வைத்து ஆண்டுதோறும் மாற்றுவது. வெள்ளம் வடிந்த பத்தாம் நாள் விதை கையில் இருந்தால்தான் அதற்குப் பெயர் நிவாரணம்.

மூன்று, ஊருக்கு ஒரு பதிவேடு. எந்த நாள் எவ்வளவு தண்ணீர் நின்றது, எது பிழைத்தது, எது செத்தது, அடுத்து என்ன போட்டார்கள், என்ன கிடைத்தது? இதைத் தமிழில் ஊர் இளைஞர்கள் எழுத வேண்டும். நகல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகட்டும், மூலம் ஊரில் இருக்கட்டும்.

நான்கு, வெளியிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், முடிவைத் தமிழில் எழுதி அந்த ஊர்க் கூட்டத்தில் வாசித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி.

வாழையிலிருந்து தொடங்கலாம்

இது கடலோர மாவட்டங்களின் கதை, நமக்கென்ன என்று திருச்சி வாசகர்கள் நினைக்க வேண்டாம். 2018 ஆகஸ்ட் 22-ல் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் உடைந்து போனது நம் கண்முன் நடந்தது. காவிரியும் கொள்ளிடமும் பெருகினால் படுகை வாழை மூழ்கும். சில நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகும். சித்திரை வைகாசியில் ஒரு மணி நேரச் சூறைக்காற்று அடித்தால், தொட்டியத்திலும் லால்குடியிலும் ஜீயபுரம் பக்கமும் குலை தள்ளிய வாழை தோப்புத் தோப்பாகச் சாய்கிறது. ஆண்டுதோறும் செய்தி வருகிறது, கணக்கெடுப்பு நடக்கிறது, கோரிக்கை மனு போகிறது.

நாட்டின் வாழை ஆராய்ச்சி மையம் நம் ஊருக்குப் பக்கத்தில் போதாவூரில் இருக்கிறது. எங்கே முட்டுக் கொடுத்த வாழை நின்றது, சவுக்குக் கழி தாங்கியதா, கயிறு கட்டியது தாங்கியதா, ஏலரிசி சாய்ந்த இடத்தில் பூவன் ஏன் நின்றது, வரப்போரம் அகத்தி வைத்தவர் தோப்புக்கு என்ன ஆயிற்று? ஒரே ஒரு சூறைக்காற்றுக்குப் பிறகு நூறு உழவர்கள் இதை எழுதி அந்த மையத்தில் கொடுத்தால், அது வெளியூர்க் குழு எதுவும் செய்ய முடியாத ஆய்வாக இருக்கும். விஞ்ஞானிகளும் மறுக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். அவர்களுக்கும் வயல் தேவை.

ஆகவே வாசகர்களிடம் மூன்று வேண்டுகோள். வருகிற அக்டோபர் 2 கிராம சபையில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், உங்கள் ஊருக்கு ஒரு பதிவேடும் விதை இருப்பும் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில், ஆயத்த நிதியில் நம் வட்டாரத்தின் பங்கைக் கேளுங்கள். மூன்றாவது செலவில்லாதது. வீட்டில் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, போன ஆண்டு மழையில் உங்கள் வயலில் எது நின்றது என்று இன்றைக்கே நான்கு வரி எழுதி வையுங்கள்.

நகரத்து வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த புயலுக்கு மன்னார்புரம் வழியாக மறுபடியும் வேன்கள் போகும். நானும் போவேன். இந்த முறை கிளம்புவதற்கு முன், போகிற ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற்றப் போகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.